வெள்ளைத் தங்கமா, வேறு உலோகமா? வன்னியில் கையில் கட்டப்போகும் மணிக்கூட்டுக்கு எது பொருந்தும்

கல்யாணம் நிச்சயமானதும் சூரிச்சிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ சித்தப்பாவின் அழைப்பு வரும். "மாப்பிள்ளைக்கு நல்ல மணிக்கூடு ஒண்டு எடுத்துக்கொண்டு வாறன். வைட் கோல்டில எடுக்கவோ, ஸ்டீலில எடுக்கவோ?" அனுப்பிய படங்களைப் பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை. விலையைப் பார்த்தால் பல மடங்கு வித்தியாசம். கிளிநொச்சியிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் வாசகர்கள் கேட்பது இதைத்தான்: அந்த வித்தியாசத்துக்கு நமக்குக் கிடைப்பது என்ன?

கடைக்காரரின் பதில் ஐரோப்பியக் குளிரில், கம்பளிக் கைச்சட்டைக்குள் கட்டும் மணிக்கூட்டுக்கானது. இங்கே வெயில் வேறு, புழுதி வேறு, தண்ணீர் வேறு. பழுதானால் கொண்டுபோகும் தூரமும் வேறு. ஆகவே உலோகத்தை இங்கே வைத்தே அளந்து பார்க்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

கீறல். கிரவல் வீதிப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் துகள்கள் கலந்திருக்கும். கடினத்தை எண்ணால் காட்டும் மோஸ் கடினமானியில் குவார்ட்ஸ் 7. எண் கூடியது குறைந்ததைக் கீறும். தங்கக் கலவைகள் 3, 4 அளவில் நிற்கின்றன, உருக்கு, அதாவது ஸ்டீல், 5, 6 அளவில். அதனால் புழுதி படிந்த மணிக்கூட்டைச் சாரத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தாலே கீறல் விழும். சஃபயர் கண்ணாடி 9, அது தப்பிவிடும்.

நிறம். உலோகத்தின் சொந்த நிறமா, மேலே பூசிய நிறமா? பூசியதென்றால் ஒருநாள் தேயும்.

வியர்வை, உப்பு, குளோரின், தோல். சோளகம் வீசும் மாதங்களில் மணிக்கட்டில் வியர்வை உப்பு காய்ந்து காய்ந்து படியும். முல்லைத்தீவுக் கரையில் அதோடு கடலுப்பும் சேரும். கிணற்றுக்குக் குளோரின் போட்ட நாட்களில் கை நனைவது அந்தத் தண்ணீரில்.

பாரம். மோட்டார்சைக்கிள் பிடிக்கும் கை, மண்வெட்டி பிடிக்கும் கை, நாள்முழுக்கக் கணினியில் இருக்கும் கை, மூன்றுக்கும் தாங்கும் பாரம் வேறு.

திருத்துமிடம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பட்டி மாற்றவும் மின்கலம் மாற்றவும் நல்ல கைகள் உண்டு. உயர்ரக மணிக்கூட்டைத் திறந்து, கழற்றி, பூட்டி, நீர் அழுத்தச் சோதனை செய்வதற்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும்.

பணமாக்கல். அவசரத்துக்கு அடகு வைக்க முடியுமா, விற்க முடியுமா?

## ஒரே பார்வையில்

ஒரே அளவான கேஸ், அதாவது இயந்திரத்தை மூடும் உடல், உருக்கில் 50 கிராம் என்று வைத்துக்கொண்டு மற்ற உலோகங்களின் நிறையை அடர்த்தியால் கணக்கிட்டிருக்கிறோம்.

| உலோகம் | நிறை | கீறல் | நிறம் நிலைப்பது | தோல் | பணமாக்கல் |
|---|---|---|---|---|---|
| வெள்ளைத் தங்கம், 18 காரட் | சுமார் 97 கிராம் | எளிதில் விழும் | ரோடியம் என்ற வெள்ளை உலோகப் பூச்சு இருந்தால் தேயும் | நிக்கல் கலவை சிலருக்குக் கடிக்கும் | இங்கே கடினம் |
| மஞ்சள் தங்கம், 18 காரட் | சுமார் 97 கிராம் | எளிதில் விழும் | நிலைக்கும் | பெரும்பாலும் தொல்லையில்லை | வெள்ளைத் தங்கத்தைவிட எளிது |
| பிளாட்டினம் 950 | சுமார் 128 கிராம் | விழும், ஆனால் உலோகம் குறைவாகவே இழக்கும் | நிலைக்கும், மங்கும் | மிக நல்லது | இங்கே மிகக் கடினம் |
| உருக்கு | 50 கிராம் | நடுத்தரம் | நிலைக்கும் | பெரும்பாலானோருக்கு நல்லது | மாதிரியைப் பொறுத்தது |
| டைட்டேனியம் | சுமார் 28 கிராம் | தரத்தைப் பொறுத்தது | நிலைக்கும் | மிக நல்லது | குறைவு |
| செராமிக் | சுமார் 38 கிராம் | ஏறக்குறைய விழாது | நிலைக்கும் | மிக நல்லது | குறைவு |

## வெள்ளைத் தங்கம்

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். வெள்ளைத் தங்கம் பிளாட்டினமும் இல்லை, வெள்ளியும் இல்லை. அது தங்கம்தான். 18 காரட் என்றால் ஆயிரத்தில் 750 பங்கு சுத்தத் தங்கம், மஞ்சள் நிற 18 காரட்டில் உள்ள அதே அளவு. மீதி 250 பங்கில் என்ன கலந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. தங்கத்தின் மஞ்சளை வெளுக்கச் செய்வதற்கு இரண்டு வழிகள் நடைமுறையில் உண்டு: நிக்கல் அல்லது பல்லேடியம்.

நிக்கல் கலந்தது மலிவு, கடினமும் கூட. ஆனால் வியர்வையில் நிக்கல் கசிந்து தோலைத் தொட்டால் சிலருக்கு அரிப்பும் சிவப்புத் தடிப்பும் வரும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்காகவே, தோலோடு நெடுநேரம் படும் பொருட்களிலிருந்து கசியும் நிக்கலை வாரத்துக்கு ஒரு சதுர சென்றிமீற்றரில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேற்படக்கூடாது என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. நிக்கல் கலவைக்கு இன்னொரு பலவீனம் குளோரின். இறுக்கத்தில் இருக்கும் இடங்களில், அதாவது செயின் ஊசிகள், பூட்டின் வளைவுகள் போன்றவற்றில், குளோரின் நாளடைவில் நுண்ணிய வெடிப்பை உண்டாக்கும். ஒருநாள் காரணமே இல்லாமல் உடைந்ததுபோல் தோன்றும். கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று மணிக்கூட்டோடு குளிக்கக்கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பல்லேடியம் கலந்தது விலை கூட, சற்று மெது, தோலுக்கு நல்லது. ரோலெக்ஸ் பாவிப்பது பல்லேடியக் கலவை. ஒமேகாவின் கனோபஸ் தங்கத்தில் பிளாட்டினமும் ரோடியமும் பல்லேடியமும் சேர்ந்திருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் தங்கள் கலவையைத் தாங்களே வகுத்துக்கொள்வதற்குக் காரணம் அடுத்து வரும் சிக்கல்.

பெரும்பாலான வெள்ளைத் தங்கம் உண்மையில் முழு வெள்ளை இல்லை. இலேசாக மஞ்சளோடிய சாம்பல். நகைக்கடையில் நீங்கள் பார்க்கும் கண்ணாடி வெள்ளை, மேலே மின்முலாமாக ஏற்றிய ரோடியத்தின் நிறம். அதன் தடிப்பு வழக்கமாக ஒரு மைக்ரோனுக்கும் குறைவு, அதாவது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தினமும் கட்டினால் முதலில் தேய்வது செயின் பூட்டின் அடிப்பக்கம், பிறகு பட்டி கொழுவும் காதுகளின் விளிம்பு. வெயிலில் திருப்பிப் பார்த்தால் அந்த இடங்களில் வெளுத்த மஞ்சள் தெரியும். பழைய மணிக்கூடு ஒன்றை வாங்கும்போதும் முதலில் அந்த இரண்டு இடங்களைத்தான் பார்க்கவேண்டும்.

மோதிரத்துக்கு ரோடியம் ஏற்றுவது நகைப் பட்டறையில் முடிகிற காரியம். மணிக்கூட்டுக்கு அப்படி முடியாது. ரோடியக் குளியல் கந்தக அமிலக் கரைசல். கேஸை அப்படியே இறக்கினால் ரப்பர் வளையங்களும் இயந்திரமும் போய்விடும். முறையாகச் செய்வதென்றால்:

1. பின்மூடியைத் திறந்து இயந்திரம், முகம், முட்களை வெளியே எடுக்கவேண்டும்.
2. கண்ணாடி, சாவி, சாவிக்குழாய், ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் கழற்றவேண்டும்.
3. கீறல்களைப் பொலிஷ் செய்து, எண்ணெய்ப் பசையை முற்றாக நீக்கவேண்டும். பசை இருந்த இடத்தில் ரோடியம் பிடிக்காது, பொருக்காக உரியும்.
4. மின்முலாம் ஏற்றி, பலமுறை கழுவி, உலர்த்தவேண்டும்.
5. புதிய ரப்பர் வளையங்கள் போட்டுப் பூட்டி, நீர் அழுத்தச் சோதனை செய்யவேண்டும்.

மூன்றாம் படிதான் மிகவும் கவலை தருவது. ஒவ்வொரு பொலிஷிலும் தங்கம் கொஞ்சம் போகிறது. நாலு தடவை ஆனதும் காதுகளின் கூர் விளிம்பு உருண்டு, துலக்கிய கோடும் மினுக்கிய பரப்பும் ஒன்றாகக் கலங்கிவிடும். அந்த வடிவம் திரும்ப வராது. விற்கும்போது வாங்குபவர் முதலில் பிடிக்கும் குறையும் அதுதான். கீறலை விட்டுவைப்பது எப்போதும் மேல்.

இத்தனைக்குப் பிறகும் வெள்ளைத் தங்கத்தைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய காரணமும் நல்ல காரணம். அதன் மதிப்பு கட்டியவருக்கு மட்டுமே தெரியும். ரோலெக்ஸ் 2014இல் சிவப்பும் நீலமும் கலந்த வளையத்தோடு ஜிஎம்டி மாஸ்டர் மணிக்கூட்டை வெள்ளைத் தங்கத்தில் கொண்டுவந்தது. 2018இல் அதே வளையம் உருக்கிலும் வந்தபோது, எது எதுவென்று பிரித்தறிவதற்காகத் தங்க மாதிரியின் கறுப்பு முகத்தை நீலமாக மாற்றினார்கள். செய்தவர்களே முகத்தின் நிறத்தால்தான் வேறுபடுத்திக் காட்டவேண்டியிருந்தது. ஏ9 வீதிப் பேருந்தில் அதைக் கட்டிக்கொண்டு வந்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கமாட்டார். பாதுகாப்பு என்று பார்த்தால் இது பெரிய விசயம். கையில் எடுத்தால் மட்டும், ஏறக்குறைய உருக்கின் இரண்டு மடங்கு பாரம், உண்மையைச் சொல்லிவிடும்.

## உருக்கு

உருக்கு என்றதும் மலிவு என்ற எண்ணம் வருவது இயல்பு. அந்தக் கணக்கை 1972இல் ஓடெமார் பிகே நிறுவனம், உருக்கில் செய்து உயர்ந்த விலைக்கு விற்ற தன் ரோயல் ஓக் மணிக்கூட்டால் உடைத்தது. 1976இல் பட்டேக் பிலிப் நோட்டிலஸோடு வந்தது. உருக்கை அந்த அளவுக்குத் துல்லியமாக வெட்டி முடிப்பதற்குத் தங்கத்தைவிட அதிக உழைப்பு வேண்டும், விலையில் அதுவும் அடக்கம்.

சந்தையில் இரண்டு உருக்குகளின் பெயர் அடிபடும். 316எல் மிகப் பொதுவானது: குரோமியம் 16 முதல் 18 வீதம், நிக்கல் 10 முதல் 14 வீதம், மொலிப்டினம் 2 முதல் 3 வீதம். ரோலெக்ஸ் 1985 முதல் பாவிக்கத் தொடங்கிய 904எல்லில் குரோமியமும் மொலிப்டினமும் இன்னும் கூட. உப்புக்கு எதிராக நிற்பது அந்த இரண்டும்தான்.

"துருப்பிடிக்காதது" என்ற பெயரை நம்பிக் கழுவாமல் விட்டால் உருக்கும் அரிக்கும். வியர்வை உப்பு நேரே படும் மேற்பரப்பில் அல்ல, காற்றுப் புகாத இடுக்குகளில். பின்மூடியும் கேஸும் சேரும் விளிம்பில், ரப்பர் வளையம் உட்காரும் தவாளிப்பில், உப்பு ஈரம் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும். அங்கே உருக்கின் பாதுகாப்புப் படலம் உடைந்து ஊசிமுனைக் குழிகள் விழும். குழி விழுந்த தவாளிப்பில் புதிய ரப்பர் வளையம் போட்டாலும் தண்ணீர் புகும். பிறகு முகம் வியர்க்கும், முட்கள் கறுக்கும். மணிக்கூடு பழுதானதற்குக் காரணம் இயந்திரம் என்று எல்லோரும் நினைப்பார்கள். முல்லைத்தீவு, கொக்கிளாய் பக்கத்தில் கடலோடு இருப்பவர்கள் 316எல் கட்டினால் மாலையில் நல்ல தண்ணீரில் கழுவுவதைப் பழக்கமாக்க வேண்டும்.

நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு தெளிவு: உருக்கில் நிக்கல் இருக்கிறது, ஆனால் இறுகப் பிணைந்திருப்பதால் மிகக் கொஞ்சமே கசியும். பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை வராது. மணிக்கட்டில் தடிப்பு வந்தால் உடனே உலோகத்தைக் குறை சொல்லவேண்டாம். மணிக்கூட்டைக் கழுவி, ஒரு கிழமை கட்டாமல் விட்டு, பிறகு கட்டிப் பாருங்கள். தேங்கிய வியர்வையும் சவர்க்காரமும் காரணமென்றால் மறுபடி வராது. பின்மூடியின் வட்டம் அப்படியே தோலில் சிவந்து மறுபடி வந்தால் நிக்கல்தான். அப்போது டைட்டேனியத்துக்கு மாறவேண்டும்.

மறுவிற்பனையில் உருக்குக்கு ஒரு பலம் இருக்கிறது. தேடப்படும் உருக்கு மாதிரிகளை வாங்க ஆட்கள் அதிகம். தங்க மணிக்கூடு கடையை விட்டு வெளியே வந்ததும் கொடுத்த விலையில் பெரிய பங்கை இழப்பது வழக்கம். தங்கம் என்பதால் விலை குறையாது என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இது.

## மஞ்சள் தங்கம்

கல்யாண வீட்டுக்கு இதைப்போல வேறொன்றில்லை. தாலிக்கொடியும் காப்பும் மின்னும் இடத்தில் மாப்பிள்ளையின் மணிக்கட்டில் வெள்ளை உலோகம் இருப்பதைப் பெரியவர்கள் விரும்பாமலும் இருக்கலாம். பூச்சு கிடையாது, உள்ளும் புறமும் ஒரே நிறம், தேய்ந்தாலும் தங்கமே தெரியும். கீறல் மட்டும் வெள்ளைத் தங்கத்தைப் போலவே விழும்.

அதன் சிக்கல் பகல் வெளிச்சத்தில் அது எல்லோருக்கும் தெரிவது. கல்யாணத்துக்குப் பிறகு அலுமாரிக்குள்ளேயே கிடக்கும் மஞ்சள் மணிக்கூடுகள் பல. கட்டாமல் வைத்த இயந்திர மணிக்கூட்டின் எண்ணெயும் காய்கிறது, எனவே வைத்திருப்பதும் செலவுதான். செம்பு கூடிய ரோஜாத் தங்கத்தையும் இதோடு சேர்த்து எண்ணலாம். உப்பும் குளோரினும் பட்டால் அதன் செம்மை மங்கக்கூடும் என்பது மட்டும் வேறுபாடு.

## பிளாட்டினம்

ஆயிரத்தில் 950 பங்கு சுத்தம். கிராம் விலையில் பிளாட்டினம் 2015 முதல் தங்கத்தைவிடக் கீழே நிற்கிறது, ஆனாலும் பிளாட்டின மணிக்கூடு தங்கத்தைவிட விலை கூட. அடர்த்தி கூடியதால் ஒரே கேஸுக்கு அதிக கிராம் போகிறது, சுத்தமும் கூட, வெட்டும் கருவிகளையும் அது விரைவாகத் தேய்த்துவிடுகிறது.

உராயும்போது தங்கம் துகளாகப் போய்விடும். பிளாட்டினம் ஒதுங்கி ஓரத்தில் மேடு கட்டும். அதனால் வருடக்கணக்கில் கட்டினாலும் நிறை பெரிதாகக் குறையாது, மினுக்கம் மட்டும் மங்கிச் சாம்பல் மென்மையாகும். அந்த மங்கலை விரும்புகிறவர்களுக்கே இது. ரோலெக்ஸில் பிளாட்டினத்தை அடையாளம் காண எளிய வழி அதன் பனிநீல முகம். வன்னி வெயிலில் 128 கிராம் கேஸோடு செயினும் சேர்ந்தால் மாலைக்குள் மணிக்கட்டு களைத்துவிடும். மோட்டார்சைக்கிளில் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போய்வருபவருக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டோம்.

## டைட்டேனியம்

சிற்றிசன் நிறுவனம் 1970இல் முதல் டைட்டேனிய மணிக்கூட்டைச் செய்தது. இன்று உயர்ரக நிறுவனங்கள் பலவும் செய்கின்றன. நம் காலநிலைக்கு, தோலுக்கு, உழைப்புக்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் இந்தப் பட்டியலில் இல்லை என்பது எங்கள் துணிந்த கருத்து. வியர்வை, கடலுப்பு, குளோரின் எதுவும் அதை அரிப்பதில்லை. வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் வெயிலில் நின்றாலும் உருக்குப் போல் சட்டென்று சுடாது.

வாங்கும்போது தரத்தைக் கேளுங்கள். தரம் 2 ஏறக்குறைய சுத்த டைட்டேனியம், மெது, விரைவில் கீறும். தரம் 5இல் 6 வீதம் அலுமினியமும் 4 வீதம் வனேடியமும் உண்டு, அது பலமும் கடினமும் கூடியது, மினுக்கமும் பிடிக்கும். இரண்டிலும் நிறம் உருக்கைவிடக் கறுத்த சாம்பல். பட்டு வேட்டிக்கு அது எடுப்பாக இருக்குமா என்று கட்டிப் பார்த்தே முடிவெடுக்கவேண்டும்.

திருத்துபவர் கவனிக்கவேண்டிய ஒன்று: டைட்டேனியம் டைட்டேனியத்தோடு உரசினால் புரி ஒட்டிப்பிடித்துக்கொள்ளும். பின்மூடியை மசகு இல்லாமல் இறுக்கினால் அடுத்த தடவை திறக்கவே முடியாது, அல்லது புரி பிய்ந்துகொண்டு வரும். மின்கலம் மாற்றக் கொடுக்கும்போது "இது டைட்டேனியம்" என்று சொல்லியே கொடுங்கள்.

## மற்றவை, சுருக்கமாக

செராமிக் கீறாது, ஆனால் சீமெந்து நிலத்தில் விழுந்தால் உடையலாம். உடைந்தால் ஒட்டமுடியாது, முழுக் கேஸும் மாற்றவேண்டும். 925 வெள்ளி நம் வியர்வையில் கறுக்கும், கழுவிக் கழுவியே கட்டவேண்டும். தங்க முலாம் பூசிய உருக்கை விலையுயர்ந்த பரிசாகக் கொடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். காதுகளில் முலாம் தேய்ந்து வெள்ளை தெரியும் நாள், கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் மனக்கஷ்டம்.

## பவுண் கணக்கு

"தங்கம்தானே, அவசரத்துக்கு உதவும்" என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது, அதற்கு நியாயமும் உண்டு. காலபோகத்துக்கு உழவுக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் சங்கிலியை வைத்து, அறுவடைக்குப் பிறகு மீட்பது இங்கே வீட்டுக்கு வீடு நடப்பது. வெள்ளைத் தங்க மணிக்கூடு அந்த வேலையைச் செய்யுமா?

ஒரு பவுண் 8 கிராம், 22 காரட். அதில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். 18 காரட்டில் அதே சுத்தத் தங்கத்துக்கு ஏறக்குறைய 9.8 கிராம் வேண்டும். இயந்திரம், கண்ணாடி, முகம் எல்லாம் கழித்து ஒரு கேஸில் 60 கிராம் தங்கக் கலவை இருந்தால், சுத்தத் தங்கம் 45 கிராம், அதாவது 6 பவுணுக்குச் சற்றுக் கூட. தங்கச் செயினில் இன்னும் 90 கிராம் இருந்தால் மேலும் 9 பவுண். இந்தத் தொகையை அன்றைய பவுண் விலையால் பெருக்கி, மணிக்கூட்டின் விலையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீதி எல்லாம் பெயருக்கும் வேலைப்பாட்டுக்கும் இயந்திரத்துக்கும் கொடுப்பது. அது நியாயமான விலையாக இருக்கலாம், ஆனால் மணிக்கூட்டை உருக்கித் தங்கமாக விற்றால் திரும்பி வராத விலை.

அடகு வைக்கும் மேசையில் இன்னும் சிக்கல். 22 காரட் காப்பைக் கையில் எடுத்ததும் நிறமே பாதி சொல்லிவிடும், மீதியை உரைகல் சொல்லும். வெள்ளைத் தங்கத்தில் நிறம் எதுவும் சொல்லாது. மேலே ரோடியம் இருந்தால் காரட் மானியின் வாசிப்பும் பிசகலாம். உள்ளே இயந்திரம் இருப்பதால் தங்கத்தை மட்டும் நிறுக்க முடியாது. பல்லேடியம் கலந்திருந்தால் உருக்குவதற்கு வெப்பம் கூட வேண்டும், பிரித்தெடுப்பதும் ஊர்ப் பட்டறையில் நடக்காது. ஆகவே அவசரத்துக்கு உதவவேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், உருக்கு மணிக்கூடு ஒன்றை எடுத்துவிட்டு மிச்சப் பணத்துக்குப் பவுணாக வாங்குங்கள். இதில் நாங்கள் தயங்கவில்லை.

## விலைச்சீட்டில் எழுதாத செலவுகள்

சுவிஸ் கடையில் விலைக்குள் 8.1 வீத வரி இருக்கிறது. நாட்டுக்கு வெளியே வசிப்பவருக்கே அது திரும்பக் கிடைக்கும், அங்கேயே வசிக்கும் சித்தப்பாவுக்குக் கிடைக்காது. இங்கிலாந்தில் 2021 முதல் கடையிலிருந்து கையோடு கொண்டுவரும் பொருளுக்குப் பயணிகளுக்கும் அந்த மீளளிப்பு இல்லை. கட்டுநாயக்கவில் ரசீதைக் காட்டி அறிவித்துவிடுவது பின்னால் வரும் தலையிடியைத் தவிர்க்கும்.

இயந்திர மணிக்கூட்டை ஐந்து முதல் பத்து வருடத்துக்கொரு தடவை முழுதாகக் கழற்றித் துலக்கி எண்ணெய் போடவேண்டும், இது எந்த உலோகத்துக்கும் பொது. தங்கத்துக்கு மேலதிகமாக வருவது செயின் தேய்வு. புழுதி இடுக்கில் புகுந்து அரைக்க, கோவைகள் தளர்ந்து செயின் தொய்யும். உருக்குச் செயினைவிடத் தங்கச் செயின் முந்தித் தொய்யும், மாற்றும் செலவும் பல மடங்கு. அதனால் வெள்ளைத் தங்கம் எடுப்பதென்றால் கேஸ் மட்டும் தங்கத்திலும் பட்டி ரப்பரிலும் எடுப்பது இங்கே நல்ல வழி. தோல் பட்டி நம் வியர்வையில் விரைவில் வெடித்து மணக்கும்.

## நடுவில் ஒரு வழி

ரோலெக்ஸின் டேட்ஜஸ்ட் வகையில் கேஸும் செயினும் உருக்கு, பல் வெட்டிய வளையம் மட்டும் வெள்ளைத் தங்கம் என்று ஒன்று உண்டு. வெளிச்சத்தைப் பிடித்து மினுங்கும் இடத்தில் தங்கம், அடிபடும் இடத்தில் உருக்கு. கல்யாணத்தன்று எடுப்பாகவும் இருக்கும், திங்கட்கிழமை அலுவலகத்துக்கும் போகும். பல மாப்பிள்ளைகளுக்கு இதோடு தேடலை நிறுத்திக்கொள்ளலாம்.

## யாருக்கு எது

வயல், கடல், மோட்டார்சைக்கிள், பட்டறை என்று கை ஓயாதவருக்கு டைட்டேனியம் தரம் 5. கடலுப்பு இல்லாத இடத்தில், ஒரே மணிக்கூட்டை எல்லாவற்றுக்கும் கட்டுபவருக்கு உருக்கு. சபையில் தங்கமாகத் தெரியவேண்டும் என்றால் மஞ்சள். வெள்ளைத் தங்கம் யாருக்கு என்றால், வேறு மணிக்கூடும் இருப்பவருக்கு, அலுவலக வேலையில் இருப்பவருக்கு, சில வருடத்துக்கொரு தடவை கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ கொண்டுபோய்க் காட்டக்கூடியவருக்கு, தன் கையில் இருப்பது என்னவென்று ஊருக்குத் தெரியத் தேவையில்லை என்று நினைப்பவருக்கு. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும் நாளில், நெரிசலும் மணலும் வியர்வையும் நிறைந்த இடத்துக்கு, அவர் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும்.

எதை எடுத்தாலும் கிழமைக்கொரு தடவை கழுவுங்கள். சாவி முழுக்கத் திருகி இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்த்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு துளி மென் சவர்க்காரம் விட்டு, குழந்தைகளின் மெதுவான பற்தூரிகையால் செயின் இடுக்குகளைத் தேய்த்து, அலசி, பருத்தித் துணியால் உடனே ஒற்றி எடுக்கவேண்டும். நம் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படை விடும். திருநீறும் சந்தனமும் இடுக்கில் புகுந்தால் வியர்வையோடு சேர்ந்து இறுகிவிடும், அவற்றையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

## சித்தப்பாவுக்கு அனுப்பவேண்டிய செய்தி

வெள்ளைத் தங்கம் என்று முடிவெடுத்துவிட்டால், பணம் கட்டுமுன் இதை அப்படியே அனுப்பலாம்:

"சித்தப்பா, கடையில இதுகளைக் கேட்டுப்போட்டு எடுங்கோ. கலந்திருக்கிறது நிக்கலோ, பல்லேடியமோ? மேல ரோடியம் பூசியிருக்கோ, இல்லாட்டி உலோகத்தின்ர நிறமே அதுதானோ? கேஸிலயும் பூட்டிலயும் 750 எண்டும், சுவிஸ் அரசின்ர முத்திரையான சென்ட் பேர்னார்ட் நாயின்ர தலையும் இருக்கோ எண்டு பூதக்கண்ணாடியால பாருங்கோ, சுவிஸ்ல 1995க்குப் பிறகு செய்த தங்கக் கேஸ் எண்டால் அது இருக்கவேணும். தங்கம் மட்டும் எத்தனை கிராம் எண்டு கேளுங்கோ. செயின் வேண்டாம், ரப்பர் பட்டி போதும். பெட்டி, உத்தரவாத அட்டை, ரசீது எல்லாத்தையும் எறியாமல் கொண்டு வாங்கோ. நிக்கல் எண்டு சொன்னால் எடுக்காதேங்கோ, எனக்கு ஒருக்கால் கோல் பண்ணுங்கோ."